சொட்டு மருந்தும் இமையோரத்து எண்ணெயும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் 1974-77 வேதியியல் வகுப்பு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் எனக்கு போன் பண்ணி, "பழைய ஹாஸ்டல் கதை ஏதாவது பேசுங்க சார்" என்றார். ஹாஸ்டல் கதையைப் பேச இங்கே என்னைவிடத் திறமைசாலிகள் பலர் இருக்கிறார்கள். அதனால், "என் கண்ணைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு, "எங்க அப்பாவும் சொட்டு மருந்து போடறார் சார், பேசுங்க" என்றார். இந்த மண்டபத்திலேயே தினமும் ராத்திரி கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுப்பவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களுக்காகவும், அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும்தான் இந்தப் பேச்சு. நான் டாக்டர் இல்லை. நம் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு 31 வருஷம் ஒரு சோப்புத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். சோப்பு எண்ணெயை என்ன செய்யும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. அந்த வித்தை தெரிந்தும் ஏமாந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

2014-ல் கண்ணாடி மாற்றலாம் என்று போனேன். டாக்டர் கண்ணின் அழுத்தத்தைப் பார்த்தார். வலது கண் 26, இடது கண் 28. பாரமானியில் பார்த்தோமே, அதே மில்லிமீட்டர் பாதரசக் கணக்குதான். சாதாரணமாக 10-லிருந்து 21 வரை இருக்கும். "உங்க வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா உண்டா?" என்று கேட்டார். என் அப்பா கடைசி ஆறு வருஷம் பார்வை இல்லாமல்தான் இருந்தார். வயசானதால் வந்த கோளாறு என்று நாங்கள் விட்டுவிட்டோம். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கிளாக்கோமா என்றால் என்ன? கண்ணின் முன்பகுதிக்குள்ளே ஒரு நீர் ஓயாமல் ஊறி, வடிகால் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. இது கண்ணீர் இல்லீங்க. உள்ளே ஊறும் வேறொரு நீர். வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் அழுத்தம் ஏறும். பின்னால் இருக்கும் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். பெரும்பாலானவர்களுக்கு வலி கிடையாது, சிவப்பு கிடையாது. நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருப்பதால் பேப்பர் படிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம். ஓரப் பார்வை போவது தெரியாது. போனது திரும்பியும் வராது. தென் தமிழகத்தில் 40 வயதைத் தாண்டியவர்களைச் சோதித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில் 2.6 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது.

அழுத்தத்தைக் குறைப்பதுதான் இதற்கு வைத்தியம். எனக்கு இரண்டு பாட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்று ராத்திரி ஒரு வேளை போடும் லட்டனோபிராஸ்ட். அது புரோஸ்டாகிளாண்டின் வகை. உள்நீர் வெளியேறுவதை அதிகப்படுத்தும். இன்னொன்று காலையும் மாலையும் போடும் டிமலால். அது நீர் ஊறுவதைக் குறைக்கும். டிமலாலுக்கு அமெரிக்காவில் 1978-லும், லட்டனோபிராஸ்டுக்கு 1996-லும் அனுமதி கிடைத்தது. இவை இரண்டும் காப்பாற்றிய கண்கள் எத்தனையோ. என் அப்பா காலத்தில் இப்படி ஒரு வசதி எங்கள் ஊருக்கு எட்டவில்லை. எனவே இன்று நான் மருந்தைக் குறை சொல்ல வந்திருப்பதாக யாரும் தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டே மாதத்தில் அழுத்தம் 16-க்கு இறங்கியது. மூன்று வருஷம் நிம்மதியாகப் போயிற்று. 2017 வாக்கில் தொந்தரவு ஆரம்பித்தது. சாயந்திரமானால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும், எரியும். காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் காற்று பட்டால் தாரை தாரையாகக் கண்ணீர் வரும். இமை ஓரம் சிவந்து தடித்துவிட்டது. இமை முடி மட்டும் நீளமாகவும் அடர்த்தியாகவும் வளர்ந்தது. என் பேத்தி, "தாத்தா, மை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். புரோஸ்டாகிளாண்டின் மருந்துக்கு அந்தக் குணம் உண்டு. அதே குடும்பத்து பைமட்டோப்ராஸ்டை இமை முடி வளர்க்கும் மருந்தாகவே 2008-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள்!

டாக்டரிடம் சொன்னேன். வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். "கிளாக்கோமா மருந்துன்னா கொஞ்சம் எரியத்தான் செய்யும், நிறுத்திடாதீங்க" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் ஏன் எரிகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் அழுத்திக் கேட்கவில்லை. மருந்துக் கடையில் "கண்ணு காயுது" என்று சொல்லி இன்னொரு சொட்டு மருந்து வாங்கினேன். உறவினர் ஒருவர் விளக்கெண்ணெய் விடச் சொன்னார். இன்னொருவர் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒத்திக்கொள்ளச் சொன்னார். எதிலும் குணமில்லை.

2018-ல் நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். பேரன் காது குத்துக்கு ஊருக்குப் போனபோது மருந்துப் பையை மறந்துவிட்டேன். நாலு நாளில் கண் குளிர்ந்து போச்சு. ஆகா, இதுவல்லவா சுகம் என்று தோன்றியது. ஊர் திரும்பிய பிறகும் மருந்தைத் தொடவில்லை. என் மனைவி கேட்டால், "போட்டாச்சு, போட்டாச்சு" என்பேன். ஏழு மாதம்! பொய் சொன்னது அவளிடம், நஷ்டம் எனக்கு. வெளியே கண் வெள்ளை வெளேரென்று இருந்தது, உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மருந்து போட்டால் கண் கஷ்டப்படுகிறது, நிறுத்தினால் சுகமாக இருக்கிறது. நோய் தெரிவதில்லை, வைத்தியம் மட்டும்தான் தெரிகிறது. இந்த நோயின் பொறியே இதுதான்.

2019 தொடக்கத்தில் ஒருநாள் ஸ்கூட்டரில் போகும்போது இடது பக்கம் வந்த சைக்கிள்காரப் பையனை நான் பார்க்கவேயில்லை. நல்லவேளை, அவனுக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. மறுநாளே வேறொரு கண் மருத்துவமனைக்குப் போனேன். இடது கண் அழுத்தம் 31. ஃபீல்டு டெஸ்ட் எடுத்தார்கள். ஒரு வருஷத்துக்கு முந்தைய படத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டினார் அந்த இளம் பெண் டாக்டர். இடது கண்ணின் பார்வைப் பரப்பில் ஒரு பிறை அளவு கறுப்பாகிவிட்டது. இன்றும் அது அப்படியேதான் இருக்கிறது. இந்த மேடையில் நிற்கும்போது என் இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்க நான் தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறது. கவனித்திருப்பீர்கள்.

அந்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. "ஏன் சார் நிறுத்தினீங்க?" என்று மட்டும் கேட்டார். எரிச்சலைச் சொன்னேன். கண்ணை நுண்ணோக்கியில் வைத்து, கீழ் இமையின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். "எண்ணெய் வரணும் சார். உங்களுக்குப் பற்பசை மாதிரி வருது" என்றார்.

இமையில் ஏது எண்ணெய் என்று எனக்கு ஆச்சரியம். அவர் படம் போட்டு விளக்கியதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நம் இமைகளுக்குள்ளே, முடி முளைக்கும் வரிசைக்குச் சற்று உட்புறமாக, சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக நிற்கின்றன. மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை. 1666-ல் இவற்றை விவரித்து எழுதிய ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோம் என்பவரின் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறார்கள். ஒவ்வொரு முறை கண்ணை இமைக்கும்போதும் துளி எண்ணெய் பிதுங்கி, கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவும். குளத்து நீரின் மேல் எண்ணெய் படர்ந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகாது அல்லவா? அதே வேலைதான். அந்தப் படலம் கெட்டால் கண்ணீர் சீக்கிரம் காய்ந்து, கண்ணின் பரப்பு உறுத்தும். உறுத்தினால் கண்ணீர்ச் சுரப்பி பதறிப்போய் வெள்ளமாக நீரைக் கொட்டும். எண்ணெய் இல்லாத அந்த நீர் நிற்காது, கன்னத்தில் வழிந்துவிடும். கண் காய்ந்தவனுக்கு ஏன் கண்ணீர் கொட்டுகிறது என்ற விடுகதைக்கு விடை இதுதான்.

இந்த எண்ணெய் நம் உடம்புச் சூட்டிலேயே உருகி ஓடக்கூடியது. சுரப்பி நோய்ப்பட்டால் எண்ணெயின் சேர்மானம் மாறி உருகுநிலை சற்று உயர்ந்துவிடும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு வராதே, அந்த நிலைமை. வாய் அடைத்துக்கொண்டால் உள்ளே தேங்கும். நாளடைவில் சுரப்பியே சுருங்கிப் போகும். அகச்சிவப்புக் கதிர் கேமராவில் என் கீழ் இமையைப் படமெடுத்துக் காட்டினார்கள். வரிசையாக நிற்க வேண்டிய கோடுகளில் பாதி குட்டையாகி, சில இடங்களில் ஒன்றுமே இல்லை. சுருங்கிப்போன சுரப்பி பெரும்பாலும் மறுபடி வளர்வதில்லை.

சரி, சொட்டு மருந்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இரண்டு வழியில் சம்பந்தம்.

முதலாவது, மருந்தோடு கூட வரும் பாதுகாப்புப் பொருள். பாட்டிலைத் திறந்து ஒரு மாதம் உபயோகிக்கிறோம், கிருமி சேரக்கூடாது. அதற்காகப் பல மருந்துகளில் பென்சல்கோனியம் குளோரைடு சேர்க்கிறார்கள். வேதியியல் நண்பர்களே, இந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்குப் பொறி தட்டியிருக்கும். நாலிணைய அம்மோனியம் உப்பு! நேர்மின் தலையும் நீண்ட கார்பன் வாலும் கொண்ட சவுக்காரம் மாதிரியான பொருள். கிருமியின் மேலுறையைக் கரைத்துக் கொல்லும். அதே குணத்தால் கண்ணீரின் எண்ணெய்ப் படலத்தையும் உடைக்கும், கண்ணின் மேற்பரப்புச் செல்களையும் வாட்டும், இமை ஓரத்தில் அழற்சியைக் கிளப்பும். லட்டனோபிராஸ்டின் மூலத் தயாரிப்பில் அதன் அளவு 0.02 சதவீதம்தான். ஒரு சொட்டில் ஒன்றும் ஆகாது. ஆனால் கணக்குப் போடுங்க: ஒரு கண்ணுக்கு நாளைக்கு 3 சொட்டு, வருஷத்துக்கு 1095 சொட்டு. நான் விட்டது நாலு வருஷம். போதாததற்கு, காய்ச்சலுக்கு என்று கடையில் வாங்கினேனே, அந்த பாட்டிலிலும் அதே பொருள்தான் இருந்தது. லேபிளில் கொட்டை எழுத்தில் இல்லாவிட்டாலும் அச்சடித்துத்தான் இருந்தது. 31 வருஷம் சோப்பு சோதித்தவன் ஒருநாளும் அந்த லேபிளைப் படிக்கவில்லை!

இரண்டாவது, மருந்தே. புரோஸ்டாகிளாண்டின் என்பது உடம்பில் இயற்கையாகவே அழற்சியோடு தொடர்புள்ள பொருள். அந்த வகை மருந்தை வருஷக்கணக்கில் போடுபவர்களுக்குச் சுரப்பியின் வாய் அடைபடுவது அதிகம் என்று பார்த்திருக்கிறார்கள். 2016-ல் துருக்கி மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், இந்த வகை மருந்து போட்டவர்களில் 92 சதவீதம் பேருக்குச் சுரப்பிக் கோளாறு இருந்தது. வேறு வகை மருந்து போட்டவர்களில் 58 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனால் 58 என்பதும் குறைவில்லை, பாருங்க. வயதானாலே இந்தச் சுரப்பிகள் தளரும். அதன்மேல் மருந்தின் சுமையும் ஏறுகிறது. டிமலால் வகையும் முழுக்க நிரபராதி இல்லை என்று ஜப்பானிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதைச் சும்மா ஒரு எரிச்சல் என்று தள்ளிவிட முடியாது. எரிவதால் நோயாளி மருந்தை விட்டுவிடுகிறான், நானே சாட்சி. தவிர, நெடுநாள் அழற்சிப்பட்ட கண்ணில் பின்னால் கிளாக்கோமா ஆபரேஷன் செய்ய நேர்ந்தால் அது பலிக்கும் வாய்ப்பும் குறைகிறது.

சரி, எனக்கு என்ன செய்தார்கள்? முதலில் மருந்தை மறுபடி ஆரம்பித்தார்கள். ஆனால் பாதுகாப்புப் பொருள் இல்லாத வகைக்கு மாற்றினார்கள். அப்படிப்பட்ட புரோஸ்டாகிளாண்டின் மருந்து ஒன்று, டாஃப்லுப்ராஸ்ட், 2012-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. ஒரு வேளைக்கான குட்டிக் குப்பிகளாகவும், கிருமி உள்ளே போகாத தனி அமைப்புள்ள பாட்டில்களாகவும் இப்படிப்பட்ட மருந்துகள் வருகின்றன. விலை கூடத்தான். எல்லா ஊரிலும் கிடைப்பதுமில்லை. பிறகு இடது கண்ணுக்கு ஒரு லேசர் சிகிச்சை செய்தார்கள். வடிகால் பகுதியில் செய்வது. பத்து நிமிஷ வேலை, தையல் கிடையாது. சொட்டு மருந்தின் எண்ணிக்கையைக் குறைக்க அது உதவுகிறது. 2019-ல் இங்கிலாந்தில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், முதலிலேயே இந்த லேசர் செய்துகொண்டவர்களில் 74 சதவீதம் பேர் மூன்று வருஷம் கழித்தும் சொட்டு மருந்து இல்லாமலே அழுத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். "எனக்குப் பொருந்துமா?" என்று கேட்கலாம்.

மூன்றாவது, இமைக்கு வைத்தியம். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் பத்து நிமிஷம் ஒத்தடம். துணி ஆற ஆற மறுபடி நனைக்க வேண்டும். கை பொறுக்கும் சூடுதான், கொதிக்கக் கூடாது. உறைந்த எண்ணெய் உருக வேண்டும், அவ்வளவுதான். பிறகு இமை ஓரத்தைத் துடைப்பது. விரலால் நீவி விடுவதும் உண்டு. ஆனால் கண்ணில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் இமையை நீவவோ அழுத்தவோ கூடாது. கண்ணீர் மருந்தும் பாதுகாப்புப் பொருள் இல்லாததாகவே எழுதித் தந்தார்.

மருந்து போடும் முறையையும் அன்றுதான் சரியாகக் கற்றேன். ஒரு சொட்டு போதும். கண்ணில் அதற்கு மேல் இடமே இல்லை. போட்டதும் கண்ணை மூடி, மூக்கோரம் கண் முனையை இரண்டு நிமிஷம் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். வழிந்ததை உடனே துடைத்துவிட வேண்டும். இமைத் தோலில் ஊறவிடக் கூடாது. இரண்டு மருந்துக்கு நடுவே ஐந்து நிமிஷமாவது இடைவெளி வேண்டும்.

மூன்று மாதத்தில் எரிச்சல் பாதிக்கு மேல் குறைந்தது. முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். போன சுரப்பி போனதுதான். ஆனால் இன்று அழுத்தம் 14, 15-ல் நிற்கிறது. மருந்தை ஒரு நாளும் விடுவதில்லை. ராத்திரி என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் விளக்கு அணையும். ஏழு மாதப் பொய்க்கு அது ஆயுள் தண்டனை!

தோழர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கண் எரிந்தால் மருந்தை நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் போய் எரிகிறது என்று சொல்லுங்கள். ஒரு தடவை காதில் விழாவிட்டால் இரண்டாம் தடவையும் சொல்லுங்கள். "என் இமைச் சுரப்பியைப் பாருங்க. பாதுகாப்புப் பொருள் இல்லாத மருந்து உண்டா? பாட்டிலைக் குறைக்க முடியுமா?" என்று கேளுங்கள். வாயைத் திறந்து கேட்டிருந்தால் என் பிறைநிலா போயிருக்காது. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர் யாருக்காவது கிளாக்கோமா இருந்தால், 40 வயதானதும் நீங்களும் அழுத்தத்தையும் நரம்பையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் இரண்டு வார்த்தை. செல்போனையும் கம்ப்யூட்டரையும் உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைகிறது. இமைக்காவிட்டால் எண்ணெய் பிதுங்காது. அடிக்கடி கண்ணை முழுசாக மூடித் திறங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தாத்தா பாட்டியின் மருந்து பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்துச் சொல்லுங்கள். சொட்டு சரியாக விழுகிறதா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். அப்படியே, "எரியுதா தாத்தா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேதியியலும் மருந்தியலும் படிக்கிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். கிருமியைக் கொல்ல வேண்டும், கண்ணை வாட்டக் கூடாது, விலையும் ஏழைக்கு எட்ட வேண்டும். இப்படி ஒரு பாட்டிலை நம் கல்லூரிப் பிள்ளை ஒருவர் கண்டுபிடித்தால், முதல் சொட்டை என் கண்ணில் விட்டுக்கொள்ள நான் தயார்.